கடன் கொடுத்தவர் வாசலில் ஒரு தர்ணா

மூன்று கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள்: வெளிநாட்டு வளர்ச்சி உதவி வருகிற இடத்தில் மக்கள் போராட்டம் ஏன் கிளம்புகிறது? போராட்டத்தால் அந்தப் பணம் திரும்பிப் போனது உண்டா? போராட்டமே வெளிநாட்டுக் காசில்தான் நடக்கிறது என்கிறார்களே, அது நிஜமா?

என் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு தன் சொந்தப் பணத்தில் அணை கட்டினால், நிலம் போனவருக்கு முறையிட இருப்பது அரசாங்கம்தான். அது கைவிட்டால் நீதிமன்றம். வெளிநாட்டுப் பணம் உள்ளே வந்தால் இன்னொரு வாசலும் சேர்ந்துகொள்கிறது. கடன் கொடுத்தவருக்கும் ஒரு நாடாளுமன்றம் உண்டு, வரி கட்டுகிற மக்கள் உண்டு, போய்விடக் கூடாதே என்று காக்கிற நல்ல பெயரும் உண்டு. போராடுகிறவர்கள் அந்த வாசலைத் தட்டக் கற்றுக்கொண்டார்கள். தட்டி ஜெயித்தும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே ஜெயித்ததால் ஊர் பிழைத்தது என்று சொல்ல முடியாத கதைகள்தான் அதிகம். அதே வெளிநாட்டுத் தொடர்பு பிறகு போராடியவர்கள் மேலேயே பழியாகவும் திரும்பியது.

'உதவி' என்ற சொல்லிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது. பேப்பரில் உதவி என்று படிப்பதில் பெரும் பங்கு கடன். வட்டி குறைவாக இருக்கும், தவணை இருபது முப்பது வருடம் நீளும், அவ்வளவுதான். இதை எனக்குப் புரியவைத்தது புத்தகம் இல்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு கடலோர மாவட்டத்தில், வெளிநாட்டு வங்கிக் கடனில் நடந்த ஒரு திட்டத்தில் மூன்று வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை "மிஷன் வருது" என்று ஆபீஸே பரபரக்கும். மிஷன் என்றால் கடன் கொடுத்த வங்கியின் பார்வையிடும் குழு. தகவல் பலகைக்குப் பெயின்ட் அடிப்பார்கள், ரிஜிஸ்டர்களுக்குப் பிரவுன் அட்டை போடுவார்கள், குப்பத்துக்கு முன்தினமே ஆள் போய் "நல்லா பேசுற நாலு பேர" தேர்ந்தெடுத்து வைக்கும்.

அப்படி ஒரு கூட்டத்தில், வந்திருந்த அதிகாரி ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். தேர்ந்தெடுத்து வைத்த நாலு பேருக்குப் பின்னால், மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, இந்தத் துட்டத் திருப்பிக் குடுக்கணுமா?" ஆமாம்மா, அரசாங்கம் கொடுக்கும் என்றேன். "அரசாங்கத்துக்கு யாரு குடுப்பா?" சிரிப்பு கிளம்பியது. நான் அப்படியே மொழிபெயர்த்தேன். பிறகு வந்த அறிக்கையில் அந்தக் கேள்வி, 'திட்டத்தின் நிதி அம்சங்கள் குறித்து மக்கள் ஆர்வம் காட்டினர்' என்று ஒரே வரியாகியிருந்தது.

கடன் வாங்குகிறவர் ஒருவர், அனுபவிக்கிறவர் இன்னொருவர், நிலத்தைப் பறிகொடுக்கிறவர் மூன்றாமவர். போராட்டம் அந்த மூன்றாமவரிடமிருந்துதான் வருகிறது. இதற்கு நர்மதையைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குஜராத்தில் நர்மதை ஆற்றின் குறுக்கே வரவிருந்த சர்தார் சரோவர் அணைக்கு 1961 ஏப்ரல் 5 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். நீரைப் பங்கு போடுவதில் குஜராத், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் மூன்றும் மோதிக்கொண்டதால் 1969ல் தீர்ப்பாயம் அமைந்து, 1979 டிசம்பரில் இறுதித் தீர்ப்பு வந்தது. அணையின் உயரம் 138.68 மீட்டர் என்று முடிவானது. அந்தத் தீர்ப்பில் அன்றைய நிலைக்கு முற்போக்கான சில வரிகள் இருந்தன. நிலத்தில் கால் பங்குக்கு மேல் இழப்பவருக்கு நிலத்துக்கு நிலம், குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேர். வயது வந்த மகன் தனிக் குடும்பம். தண்ணீர் ஏறுவதற்கு ஓராண்டு முன்பே குடியமர்த்தி முடித்திருக்க வேண்டும்.

1985ல் உலக வங்கி 45 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அனுமதி கிடைத்ததோ 1987ல், அதுவும் நிபந்தனையோடு. அதாவது கடன் முந்திக்கொண்டது, ஆய்வு பின்னால் வந்தது. ஆட்களை இடம்பெயர்க்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று வங்கியே 1980ல் எழுதி வைத்த விதிகள் இருந்தன. அவற்றைக் கறாராகப் பார்த்திருந்தால் 1985ல் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது.

சிக்கல் எங்கே என்றால், குஜராத், மகாராஷ்டிரப் பக்கம் மூழ்கும் ஊர்களில் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆதிவாசிகள். தலைமுறை தலைமுறையாக உழுத நிலம் பலருக்கு வனத்துறைப் பதிவேட்டில் காடு. உழுதவர் பெயர் 'ஆக்கிரமிப்பாளர்'. நம் ஊர்ப் புறம்போக்கு விவகாரம் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நிலமே இல்லை என்று சர்க்கார் எழுதி வைத்தவனுக்கு நிலத்துக்கு நிலம் எப்படிக் கிடைக்கும்?

கடன் கொடுத்தவர் வாசலை முதலில் தட்டியவர், நர்மதைப் போராட்டத்தின் முகமாக அறியப்பட்ட மேதா பட்கர் என்று பலரும் நினைக்கிறார்கள். குஜராத்தில் ஆர்ச் வாஹினி என்ற அமைப்பு அவருக்கு முன்பே தட்டியது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வழியாக வங்கிக்கு நெருக்கடி கொடுத்தார்கள். 1987 டிசம்பரில் குஜராத் அரசு தன் கொள்கையை மாற்றி, ஆக்கிரமிப்பாளர் என்று எழுதப்பட்டவர்களுக்கும் நிலமற்றவர்களுக்கும்கூட 5 ஏக்கர் என்று அறிவித்தது. அத்தோடு அவர்கள் அணை எதிர்ப்பை விட்டுவிட்டு, கிடைத்ததை ஒழுங்காகக் கொடுக்கவைக்கும் வேலையில் இறங்கினார்கள். மற்ற இரண்டு மாநிலங்களும் அந்த அளவுக்கு இறங்கி வரவில்லை. அங்கிருந்துதான் 'அணையே வேண்டாம்' என்ற குரல் வலுத்தது. கடன் கொடுத்தவர் கொடுக்கும் சலுகை போராட்டத்தை இரண்டாகப் பிளக்கவும் செய்யும் என்பதை இங்கே கவனியுங்கள். யாரையும் குறை சொல்லவில்லை. 5 ஏக்கர் என்பது ஒரு குடும்பத்துக்குச் சின்ன விஷயம் இல்லை.

1989 செப்டம்பர் 28, மத்தியப் பிரதேசத்தின் ஹர்சூத் என்ற சிறு நகரம். பல்லாயிரம் பேர் கூடி "விகாஸ் சாஹியே, வினாஷ் நஹி" என்றார்கள். வளர்ச்சி வேண்டும், அழிவு வேண்டாம். (அந்த ஹர்சூத்தே 2004ல் இந்திரா சாகர் அணையில் மூழ்கியது.) அதே 1989ல் மேதா பட்கர் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்றின் முன் சாட்சியம் சொன்னார். உலக வங்கியின் பெரிய பங்குதாரர் அமெரிக்கா. வங்கிக்கு அமெரிக்கா எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று அந்த நாடாளுமன்றம்தான் வாக்களிக்கிறது. நர்மதைக் கரையின் ஒரு குடிசையிலிருந்து தில்லி அமைச்சகத்துக்குப் போவதைவிட வாஷிங்டன் வழியாகச் சுற்றிப் போவது சீக்கிரம் என்று கண்டுகொண்டார்கள். 1990ல் ஜப்பான், டர்பைன்களுக்குத் தருவதாக இருந்த பணத்திலிருந்து விலகியது. அதற்கும் அந்த நாட்டுச் சூழல் அமைப்புகள் எழுப்பிய சத்தம்தான் காரணம்.

1990 டிசம்பர் 25 அன்று பட்வானி அருகே ராஜ்காட்டிலிருந்து சில ஆயிரம் பேர் அணையை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். குஜராத் எல்லையில் ஃபெர்குவாவில் போலீஸ் மறித்தது. நடந்தவர்கள் தங்கள் கைகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டு முன்னேறினார்கள். அடித்தாலும் திருப்பி அடிக்க முடியாது என்று காட்டுவதற்காக. எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம். அணை வேண்டும் என்று கோஷம் போட்ட குஜராத் மக்கள். முதலமைச்சர் சிமன்பாய் படேலின் மனைவி ஊர்மிளா படேல் அதில் முன்னால் நின்றார். அதை வெறும் அரசு ஏற்பாடு என்று தள்ளிவிட மாட்டேன். கட்ச், சௌராஷ்டிரத்தில் குடிதண்ணீருக்கு ரயில் பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு நர்மதை தாகத்தின் விஷயம். மேதா பட்கரும் சிலரும் ஏறக்குறைய மூன்று வாரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். இரண்டு கூட்டமும் குளிரில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. முடிவு எடுக்க வேண்டியவர்களில் ஒரு தரப்பு வாஷிங்டனில் இருந்தது.

அந்த நெருக்கடியில்தான் வங்கி, அதுவரை எந்தத் திட்டத்துக்கும் செய்யாத ஒன்றைச் செய்தது. வெளியாள்களை வைத்துத் தன் திட்டத்தைத் தானே விசாரிக்கச் சொன்னது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் தலைவர் பிராட்ஃபோர்ட் மோர்ஸ் தலைமை, கனடா நாட்டுச் சட்ட அறிஞர் தாமஸ் பெர்கர் துணைத் தலைமை. 1992 ஜூனில் அறிக்கை வந்தது. மூழ்கும் பகுதியில் 245 ஊர்களில் குறைந்தது ஒரு லட்சம் பேர், கால்வாயால் பாதிக்கப்படும் விவசாயிகள் இன்னும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் என்று கணக்குச் சொன்னது. இன்றைய நிலையில் எல்லோரையும் ஒழுங்காகக் குடியமர்த்த முடியாது, சூழல் பாதிப்புகள் சரியாகப் பார்க்கப்படவில்லை, வங்கி ஓரடி பின்வாங்கி மறுபடி யோசிப்பதே புத்திசாலித்தனம் என்றது. வீட்டுக்காரரே கூப்பிட்ட கணக்குப்பிள்ளை வீட்டுக்காரர் மேலேயே குற்றம் எழுதிவிட்டுப் போன மாதிரி.

அதற்குப் பிறகும் வங்கி உடனே விலகவில்லை. 1992 அக்டோபரில் இயக்குநர் குழு கூடியது. அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான், கனடா போன்றவை எதிர்த்தும், ஆறு மாதக் கெடுவோடு தொடரலாம் என்று பெரும்பான்மை முடிவு செய்தது. 1993 மார்ச் இறுதியில் கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, மீதி சுமார் 17 கோடி டாலர் வேண்டாம் என்று இந்திய அரசே எழுதிக் கொடுத்தது. துரத்தப்படுவதற்கு முன் தானாக எழுந்து போகிற மரியாதை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்: ஆம், போராட்டத்தால் பணம் நின்றது.

அணை நின்றதா? இல்லை. இங்கேதான் கதையின் அடுத்த பாதி தொடங்குகிறது. அதை யாரும் அதிகம் சொல்வதில்லை.

1993லேயே அணையைக் கட்டும் குஜராத் அரசு நிறுவனமான நர்மதா நிகாம், கடன் பத்திரம் வெளியிட்டது. அன்று 3,600 ரூபாய் போட்டால் 20 ஆண்டில் 1,11,000 ரூபாய் என்பது வாக்குறுதி. நடுத்தரக் குடும்பங்கள் பெண்ணின் கல்யாணத்துக்கு என்று வாங்கிப் போட்டார்கள். (2008ல் குஜராத் அரசு தனிச் சட்டமே இயற்றி, கெடுவுக்கு முன்பே 50,000 ரூபாய் கொடுத்து அந்தப் பத்திரங்களை முடித்துக்கொண்டது. அந்தக் கோபம் தனிக் கதை.) வாஷிங்டன் பணம் போன இடத்தில் உள்நாட்டுச் சேமிப்பு வந்து உட்கார்ந்தது. பத்திரம் வாங்கியவரின் வீட்டு வாசலில் எப்படித் தர்ணா இருப்பது? அவருக்கு விசாரணைக் குழுவும் கிடையாது, மறுகுடியமர்வு விதியும் கிடையாது.

போராட்டம் 1994ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1995ல் 80 மீட்டர் உயரத்தோடு வேலை நின்றது. 2000 அக்டோபர் 18ல் இரண்டுக்கு ஒன்று என்ற தீர்ப்பில் நீதிமன்றம் படிப்படியாக உயர்த்த அனுமதித்தது. நீதிபதி பரூச்சா மட்டும் மாறுபட்டார். 2006ல் 121.92 மீட்டர். 2014ல் முழு உயரத்துக்கு அனுமதி. 2017 செப்டம்பர் 17ல் பிரதமர் மோடி அணையை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2019 செப்டம்பரில் முதல்முறையாக முழுக் கொள்ளளவு. சௌராஷ்டிரத்துக்குக் குழாயில் தண்ணீர் போகிறது, அது உண்மை. குடியமர்வுப் பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்களின் வழக்குகள் முழு நீர் ஏறிய பிறகும் ஓடின. அதுவும் உண்மை.

வங்கி போன பிறகு போராட்ட முறையும் மாறியது. அதே நர்மதைமேல் ஓம்காரேஷ்வர் அணை. 2012 ஆகஸ்ட் கடைசியில் கோகல்காவ் என்ற ஊரில் 51 பேர் ஆற்றுக்குள் இறங்கி, 17 நாள் கழுத்தளவு நீரில் நின்றார்கள். தோல் வெளுத்துச் சுருங்கி, கால் விரல்களுக்கு இடையே சதை உரிந்த படங்கள் வந்த பிறகே மாநில அரசு நீர்மட்டத்தைக் குறைக்கவும் நிலம் தரவும் ஒப்புக்கொண்டது. முந்தைய தலைமுறை வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதி வாங்கியதை இவர்கள் உடம்பைக் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

நர்மதையால் உலகத்துக்குக் கிடைத்தது ஒன்று உண்டு. 1993 செப்டம்பரில் உலக வங்கி ஆய்வுக் குழு ஒன்றை நிரந்தரமாக அமைத்தது. வங்கி தன் விதிகளைத் தானே மீறினால் பாதிக்கப்பட்டவர் நேராகப் புகார் கொடுக்கலாம். முதல் புகாரே நேபாளத்தின் அருண்-3 நீர்மின் திட்டத்தின் மேல். 1995 ஆகஸ்டில் வங்கி அதிலிருந்து விலகியது. பிறகு? அதே பள்ளத்தாக்கில், அதே பெயரில், 900 மெகாவாட் திட்டத்தை இந்தியப் பொதுத்துறை நிறுவனமான எஸ்.ஜே.வி.என். கையில் எடுத்தது. பணம் கொடுப்பவர் மாறிவிட்டார், ஆறு அதே ஆறு.

இன்னொன்றும் குஜராத்தில்தான். 2008ல் முந்த்ரா அனல்மின் நிலையத்துக்கு உலக வங்கிக் குழுமத்தின் தனியார் துறைப் பிரிவான ஐ.எஃப்.சி. கடன் கொடுத்தது. அதே 45 கோடி டாலர், ராசி போல. மீனவர்கள் புகார் கொடுத்தார்கள். உள்விசாரணை 2013ல் ஐ.எஃப்.சி.யின் கண்காணிப்பில் குறை கண்டது, பெரிதாக எதுவும் மாறவில்லை. மீனவர்கள் அமெரிக்காவிலேயே வழக்குப் போட்டார்கள். 2019 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 1 என்று, இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு வழக்கிலிருந்து முழு விலக்குரிமை கிடையாது என்றது. பெரிய வெற்றி என்று எல்லோரும் எழுதினார்கள். கீழ் நீதிமன்றமோ, குற்றம் சாட்டப்படும் செயல் நடந்தது இந்தியாவில் என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டது. வாசல் திறந்தது, உள்ளே ஆள் இல்லை.

இதுவரை சொன்னது கடன். திருப்பித் தர வேண்டாத மானியத்துக்கு எதிராகவும் தெருவுக்கு வருவார்களா? வந்திருக்கிறார்கள். எம்.சி.சி. என்ற அமெரிக்க அரசின் உதவி நிறுவனம் நேபாளத்துக்கு மின்கடத்திப் பாதைக்கும் சாலைக்கும் 50 கோடி டாலர் மானியம் தர 2017ல் ஒப்பந்தமானது. நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்க 2022 பிப்ரவரி 27 வரை ஆனது. அதற்குள் காட்மாண்டுத் தெருவில் கல்வீச்சு, கண்ணீர்ப் புகை, தண்ணீர் பீரங்கி. இலங்கைக்கு அதே நிறுவனம் தருவதாக இருந்த 48 கோடி டாலர், நிலத்தை அமெரிக்கா எடுத்துக்கொள்ளும் என்ற எதிர்ப்பில் சிக்கி, 2020 டிசம்பரில் கைவிடப்பட்டது. இந்தப் போராட்டங்களில் நிலம் இழந்தவர் முன்னால் இல்லை, கட்சிகள் இருந்தன. கேட்ட கேள்வியும் வேறு: சும்மா கொடுக்கிறவன் எதற்குக் கொடுக்கிறான்? மானியத்துக்கு வரும் எதிர்ப்பு பெரும்பாலும் இந்தச் சந்தேகத்திலிருந்து வருகிறது. சில சமயம் அது நியாயம், சில சமயம் தேர்தல்.

ஐ.எம்.எஃப். எனும் சர்வதேச நாணய நிதியத்தின் கடனை வளர்ச்சி உதவி என்று சொல்வது சரியில்லை என்றாலும் நீங்கள் மனதில் வைத்திருப்பது அதுவாகவும் இருக்கலாம் என்பதால் இரண்டு வரி. 1977 ஜனவரியில் ஐ.எம்.எஃப். நெருக்கடியில் எகிப்து ரொட்டிக்கான மானியத்தைக் குறைத்தது, இரண்டு நாள் கலவரம், அதிபர் சாதாத் முடிவை வாபஸ் வாங்கினார். 2024 ஜூன் 25ல் கென்ய இளைஞர்கள், ஐ.எம்.எஃப். கடனோடு சேர்ந்து வந்த வரி மசோதாவை எதிர்த்து நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தார்கள், மறுநாளே அதிபர் ரூட்டோ கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். இங்கே போராட்டம் வேகமாக ஜெயிக்கிறது. காரணம் எளிது: அணை ஒரு பள்ளத்தாக்கை மூழ்கடிக்கிறது, ரொட்டி விலை தலைநகரத்தையே சுடுகிறது.

கடைசியாக, 'வெளிநாட்டுக் கை'. 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் ஓர் அறிவியல் இதழுக்குக் கொடுத்த பேட்டியில், கூடங்குளம் போராட்டத்துக்குப் பின்னால் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன என்றார். போராட்டக் குழு ஆதாரம் கேட்டது. மீனவர் வருமானத்தில் ஒதுக்குகிற பங்கில்தான் இடிந்தகரைப் பந்தல் நடக்கிறது என்றது. எனக்கு இதில் விநோதமாகப் படுவது வேறு. கூடங்குளம் உலைகளே 1988ல் சோவியத் யூனியனோடு போட்ட ஒப்பந்தத்தில் பிறந்து, ரஷ்யக் கடனில் வளர்ந்தவை. உலைக்கு வந்தால் அது உதவி, பந்தலுக்கு வந்ததாகச் சந்தேகித்தாலே அது சதி.

வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் முதலில் வந்தது 1976ல், எமர்ஜென்சியில். 2010ல் புதுச் சட்டம். அதன் விதிகளில் பந்த், ஹர்த்தால், சாலை மறியல், ரயில் மறியல், சிறை நிரப்பும் போராட்டம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இவற்றை வழக்கமாக நடத்தும் அமைப்பை 'அரசியல் தன்மை கொண்டது' என்று அறிவித்து வெளிநாட்டுப் பணத்தைத் தடுக்கலாம் என்று எழுதியிருந்தது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் சுருக்கியது. கட்சி அரசியலோடு தொடர்பில்லாமல் மக்கள் பிரச்சினைக்காகப் பந்த் நடத்துவதை மட்டும் வைத்துத் தடுக்கக் கூடாது என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் சட்டத் திருத்தம் வந்து, வெளிநாட்டு நிதி பெற்ற அமைப்பு இன்னோர் அமைப்புக்கு அதைக் கைமாற்றவே முடியாது என்றாக்கியது. கிராமத்தில் இருக்கும் சின்னக் குழுக்களுக்குப் பணம் வந்த வழி பெரும்பாலும் அந்தக் கைமாற்றுதான். போராட்டங்களில் வெளிநாட்டுப் பணம் துளியும் கலப்பதே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. பயணச் செலவு, வழக்குச் செலவு, அறிக்கை அச்சிடும் செலவு என்று கலந்திருக்கிறது. ஆனால் ஃபெர்குவாவில் கையைக் கட்டிக்கொண்டு நடந்தவனுக்கு யாரும் கூலி கொடுத்து அழைத்து வந்ததாக மோர்ஸ் குழுவும் எழுதவில்லை.

உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்து, அதனால்தான் கேட்கிறீர்கள் என்றால் ஒரு நடைமுறைத் தகவல். பணம் யாருடையது என்று முதலில் பாருங்கள். தகவல் பலகையிலேயே இருக்கும். உலக வங்கி என்றால் ஆய்வுக் குழுவுக்கு மனு எழுத வக்கீல் தேவையில்லை, இரண்டு பேர் சேர்ந்து கொடுத்தால் போதும், தமிழிலேயே எழுதலாம், பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லலாம். திட்டம் முடிந்து நாளாகிவிட்டால் ஏற்க மாட்டார்கள், ஆகவே தாமதிக்காதீர்கள். ஆசிய வளர்ச்சி வங்கிக்கும் இதேபோல ஓர் ஏற்பாடு உண்டு.

நான் வேலை பார்த்த திட்டத்திலும் இப்படி ஒரு புகார் வழி இருந்தது. அலுவலகத்தில் அதற்கென்று பிரவுன் அட்டை போட்ட ஒரு ரிஜிஸ்டரும் இருந்தது. மிஷன் வரும்போதெல்லாம் மேஜைமேல் எடுத்து வைப்போம். அது எதற்கென்று எனக்குத் தெரிந்தது மூன்றாவது வருடம். அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை, நானும்தான்.